முதல் பாஸ்போர்ட் எடுக்கிறீர்களா? இனிஷியலில் இருந்து தொடங்குங்கள்

எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பாஸ்போர்ட் வேண்டுமென்றாலும் விண்ணப்பம் நிரப்பும் வேலை என் தலையில்தான் விழும். மருமகளுக்குப் பதினோராம் நாளே தபாலில் வந்துவிட்டது. மைத்துனருக்கு இரண்டரை மாதம் ஆனது. இருவரும் போனது ஒரே சேவை மையம். மைத்துனரின் விண்ணப்பத்தில் இருந்த முகவரிதான் காலை வாரிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மேசை, பிறகு கணினி

ஆதார், பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பான் அட்டை, வாக்காளர் அட்டை என்று கையில் இருப்பதையெல்லாம் மேசைமேல் வரிசையாகப் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்துகளை விரல் வைத்துப் படியுங்கள். மைத்துனரின் பள்ளிச் சான்றிதழில் 'செந்தில் குமார் எம்' என்று இடைவெளியோடு இருந்தது. ஆதாரில் 'செந்தில்குமார்' என்று ஒரே சொல். பான் அட்டையில் அப்பா பெயரும் சேர்ந்து 'முருகேசன் செந்தில்குமார்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கவுண்டரில் இருப்பவருக்கு அப்படித் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆதாரைத் திருத்த வேண்டுமானால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். விண்ணப்பத்தில் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது என்று பலர் இரண்டாவதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, துபாய் கிளம்பியிருந்த பலருக்கு வயிற்றில் புளி கரைந்தது. அப்பா பெயர் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். எதற்கு அந்த வம்பு? அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிடுங்கள் என்பதே என் யோசனை.

விண்ணப்பமும் கட்டணமும்

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே சாயலில் போலித் தளங்கள் பல உண்டு, தேடலில் முதலில் வந்து நிற்பதும் சில நேரம் அவைதான்.

36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1,000. தட்கல் என்றால் கூடுதலாக 2,000. பயணத் தேதி கழுத்தை நெரிக்காதவர்களுக்குத் தட்கல் வீண் செலவு.

பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அந்தச் சான்றைக் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் 'இசிஆர்' (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை) பிரிவில் போய்விடும். பிறகு வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி தனியாக வாங்க வேண்டும்.

இனி அந்த முகவரிக் கதை. மைத்துனர் கோவையில் வாடகை வீட்டில் இருந்தார். ஆதாரில் இருந்ததோ தென்காசிப் பக்கத்துச் சொந்த ஊர். "ஊர் முகவரியே இருக்கட்டும், நிரந்தரமானது" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். முகவரியைச் சரிபார்க்கப் போலீஸ்காரர் ஊர் வீட்டுக்குப் போனார், பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா, "அவன் ஊருக்கு வந்து வருஷமாச்சே" என்று உள்ளதைச் சொன்னார். 'இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்று அறிக்கை போய்விட்டது. பிறகு மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விளக்கம், புதிய முகவரிச் சான்று, மறுபடியும் விசாரணை. தற்போதைய முகவரி என்று கேட்டால் இன்றிரவு நீங்கள் படுத்துத் தூங்கும் வீட்டைத்தான் எழுத வேண்டும். வாடகை வீடாக இருந்தால் ஆதார் முகவரியை மாற்றிக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

சேவை மையத்தில்

பணம் கட்டியதும் நாளும் நேரமும் தேர்ந்தெடுக்கலாம். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் மையங்கள் உண்டு. பல ஊர்களில் தலைமை அஞ்சலகத்திலேயே இருக்கிறது. போக முடியாவிட்டால் தேதியை மாற்றலாம். ஓராண்டுக்குள் மூன்று முறை வரைதான்.

கால்மணி நேரம் முன்னதாகப் போங்கள். எல்லாவற்றுக்கும் அசல் வேண்டும். உள்ளே டோக்கன் தருவார்கள். ஏ, பி, சி என மூன்று கவுண்டர்கள். ஏ கவுண்டரில் புகைப்படமும் கைரேகையும் எடுத்து, ஆவணங்களை ஸ்கேன் செய்வார்கள். உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் திரையில் விவரங்கள் தெரியும். புகைப்படத்தில் தலைமுடி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு எழுத்துகளைப் பாருங்கள். பிழையைத் திருத்த அதைவிடச் சுலபமான இடம் கிடையாது. பி கவுண்டரில் சரிபார்ப்பு, சி கவுண்டரில் அனுமதி. வெளியே வரும்போது தரும் சீட்டில் கோப்பு எண் இருக்கும். அதையும் பிறந்த தேதியையும் கொடுத்து நிலவரம் பார்க்கலாம்.

எத்தனை நாள் ஆகும்?

சாதாரண முறையில் புதிய பாஸ்போர்ட் என்றால் ஒரு மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கு போலீஸ் விசாரணைக்குத்தான். அறிக்கை போய்ச் சேர்ந்தபின் மற்றவை வேகமாக நடந்துவிடும். தட்கலில் பெரும்பாலும் பாஸ்போர்ட் முதலில் வரும், விசாரணை பின்னால் வரும். அதனால்தான் சில நாட்களில் கிடைக்கிறது.

விசாரணைக்கு அழைப்பு தெரியாத எண்ணிலிருந்து வரும். கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள் என நினைத்து எடுக்காமல் விட்டு ஒரு வாரத்தை வீணாக்கியவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. ஆவண நகல்கள், இரண்டு புகைப்படங்கள், உங்களைத் தெரிந்த அக்கம்பக்கத்தார் இருவர் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். இந்த விசாரணைக்குத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று யாராவது இழுத்தால், கட்டணத்தை இணையத்தில் கட்டிவிட்டதாகச் சொல்லிப் புன்னகையோடு நில்லுங்கள். எனக்கு ஒருமுறை பலித்தது.

ஸ்பீடு போஸ்டில் வரும் உறையைத் தபால்காரர் விண்ணப்பித்தவரிடம்தான் தருவார், அடையாள அட்டையும் கேட்பார். இப்போது வருபவை சிப் பதித்த இ-பாஸ்போர்ட்டுகள். முன் அட்டையில் கீழே சிறிய தங்கநிறச் சின்னம் இருக்கும். பிரித்ததும் பெயர், பிறந்த தேதி என்று அச்சிட்டிருக்கும் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பெரியவர்களுக்குப் பத்தாண்டு செல்லும் என்று போட்டிருக்கும். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்பதால், ஒன்பதாம் ஆண்டு முடியும் தேதியை இப்போதே கைப்பேசி நாள்காட்டியில் குறித்து வைத்துவிடுங்கள்.