விரல் விறைத்தால் முதலில் மார்புக்குச் சூடு
டொராண்டோவில் நவம்பர். 5 டிகிரியில், 401 நெடுஞ்சாலையில் பைக்கில் மணிக்கு 100 கிலோமீட்டர் போனால் தோலுக்கு அது மைனஸ் 3 மாதிரி. கிளட்ச் பிடிக்கும் விரல்கள் மரத்தே போய்விடும். எல்லாரும் ஹீட்டட் கையுறை, அதாவது மின்சாரத்தில் சூடாகும் கையுறை தேடுவார்கள். நான் முதலில் வாங்கியது ஹீட்டட் உள்ஜாக்கெட். நெஞ்சும் முதுகும் குளிர்ந்தால் விரலுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு குறைத்துவிடும். அங்கே சூடு ஏறியதும் விரல்கள் மடங்கின.

பைக் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயர் இழுத்தேன். ஜாக்கெட்டுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர் என்றால் 84 வாட். ஹெட்லைட், பெட்ரோல் பம்ப் போக, பைக்குக்கு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் அவ்வளவு மிஞ்சுகிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். சிக்னலில் சூட்டைக் குறைத்துவிடுவேன். ஐட்லிங்கில் சார்ஜ் ஏறுவது கம்மி. ஜாக்கெட் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். தொளதொளவென்று எடுத்தால் காசைக் கொடுத்துக் காற்றைத்தான் சூடாக்குவீர்கள்.