வீட்டு சிசிடிவி பதிவுகளை என்கிரிப்ட் செய்வது எப்படி?

திருடன் பதிவுப் பெட்டியையும் தூக்கிப் போனால், வீடு எப்போது பூட்டிக் கிடக்கும், யார் எப்போது வருவார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். லாகின் பாஸ்வேர்டு மெனுவுக்குத்தான் காவல். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுபவரை அது தடுக்காது. டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, பூட்ட வேண்டும். இங்கே சொல்வது, சிறிய லினக்ஸ் கணினியில் டாக்கர் (மென்பொருளைத் தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி) வழியாக ஃப்ரிகேட் என்ற கேமரா பதிவு மென்பொருளை ஓட்டுபவர்களுக்கு.

வேகம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். 4 எம்பிபிஎஸ் கேமரா நாளுக்குச் சுமார் 43 ஜிபி எழுதும். நான்கு கேமரா சேர்ந்தாலும் நொடிக்கு 2 எம்பிதான். ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறைக்கான வசதி சிப்பிலேயே உள்ள இன்டெல் என்100 ப்ராசஸருக்கு இது ஒரு பொருட்டல்ல. ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் அந்த வசதி இல்லை. அதற்கு அடியான்டம் என்ற வேறு என்கிரிப்ஷன் முறை பொருந்தும்.

பதிவுக்கெனத் தனி டிஸ்க் ஒதுக்குங்கள். அதன் பெயரை இருமுறை சரிபார்த்த பிறகே கிரிப்ட்செட்டப் (cryptsetup) கருவியில் லக்ஸ்ஃபார்மேட் (luksFormat) கட்டளை கொடுங்கள். லக்ஸ் என்பது லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷன் முறை. பெயர் தவறினால் இயங்குதளமே போய்விடும். பழைய பதிவுகள் இருந்த டிஸ்க் என்றால் ஃபார்மேட் மட்டும் அவற்றை அழிக்காது. லக்ஸைத் திறந்து, உள்ளே முழுக்கப் பூஜ்யம் எழுதிவிட்டு, அதன்பின் எக்ஸ்ட்4 (ext4) ஃபைல் சிஸ்டம் போடுங்கள். லக்ஸ்ஹெட்டர்பேக்கப் (luksHeaderBackup) கட்டளையால் ஹெட்டரின், அதாவது டிஸ்க்கின் தொடக்கத்தில் சாவி விவரம் இருக்கும் பகுதியின், நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஹெட்டர் கெட்டால், சரியான பாஸ்வேர்டு இருந்தும் பதிவு மீளாது.

அடுத்தது பலரும் கவனிக்காத இடம். ஃப்ரிகேட் வீடியோத் துண்டுகளை முதலில் டெம்ப் கேஷ் (/tmp/cache) ஃபோல்டரில் எழுதும். அதை டெம்ப்எஃப்எஸ் (tmpfs) ஆக்கி ரேமில் வைக்காவிட்டால், பூட்டாத இயங்குதள டிஸ்க்கில் தடயம் விழும். கான்ஃபிக் ஃபோல்டரையும் பூட்டிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள். கேமரா பாஸ்வேர்டுகளும் நிகழ்வு நேரங்களும் அதில்தான் இருக்கின்றன.

உண்மையான சிக்கல் மின்வெட்டில் தொடங்குகிறது. கரண்ட் வந்து கணினி தானாக எழுந்தாலும் டிஸ்க் பூட்டியே இருக்கும். ஃப்ரிகேட்டோ, டிஸ்க் வந்து இணைய வேண்டிய வெற்று மவுன்ட் ஃபோல்டருக்குள் பூட்டில்லாமல் எழுதத் தொடங்கும். இயங்குதள டிஸ்க் நிரம்பும்வரை யாருக்கும் தெரியாது. மவுன்ட் செய்யும் முன்பே, அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஎச்ஆட்டர் (chattr) கட்டளையில் '+i' கொடுத்துவிடுங்கள். பிறகு ரூட்டாலும் (முழு அதிகாரமுள்ள பயனர்) அதில் எழுத முடியாது. எந்த டிஸ்க் எங்கே இணையும் எனச் சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் நோஃபெயில் (nofail) சேர்த்துவிடுங்கள், இல்லையேல் பூட் பாதியில் நிற்கும். டிஸ்க்கைத் தாமதமாகத் திறந்தால் கன்டெய்னரையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். செய்யாவிட்டால் அது பழைய காலி ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிக்க ஆள் இருக்காது. சாவிக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு அதே பெட்டியில் செருகி வைப்பது வீண் வேலை. பெட்டியோடு சாவியும் போய்விடும். இதற்கு க்ளெவிஸ்–டாங் என்ற மென்பொருள் இணையே நல்லது. டிஸ்க்கைத் திறப்பது க்ளெவிஸ், அதற்கு நெட்வொர்க் வழியே உதவுவது டாங். பதிவுக் கணினியில் க்ளெவிஸ். பரணிலோ வேறு அறையிலோ ஒளித்த ராஸ்பெர்ரி பையில் டாங். வீட்டு நெட்வொர்க்கில் டாங் பதில் சொன்னால்தான் டிஸ்க் தானாகத் திறக்கும். ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு ஒருநாள் கெடலாம், ஆகவே நீண்ட பாஸ்வேர்டு ஒன்றையும் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

கேமராவுக்குள் இருக்கும் மைக்ரோஎஸ்டி கார்டைக் கழற்றிவிடுங்கள். கேமராவிலிருந்து ஆர்டிஎஸ்பி என்ற முறையில் வரும் நேரலை வீடியோ ஓட்டமும் பொதுவாக என்கிரிப்ட் ஆகாது. கேமராக்களைத் தனி விலேனில் (VLAN, வீட்டு நெட்வொர்க்கின் தனித்த பிரிவு) போட்டு அவற்றின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வெளியிலிருந்து பார்க்க, ரவுட்டரில் வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டாம், வயர்கார்டு என்ற விபிஎன் போதும்.

திருட்டுப்போன பதிவை என்கிரிப்ஷன் மீட்டுத் தராது. முக்கிய நிகழ்வுகளின் துணுக்குகளை ஆர்குளோன் (rclone) என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியின் கிரிப்ட் வசதியால் பூட்டி, உடனுக்குடன் வெளி சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பாஸ்வேர்டும் டிஸ்க் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.