வட்டக்களரிக்கு லைட் கட்டும் விதம்

மண்டபங்களில் லைட் கட்டிப் பழகிய பொடியன்கள் கூத்துக்கு வந்ததும் என்னிடம் கேட்பது, "அண்ணே, முன்பக்கம் எது?" வட்டக்களரி என்பது கூத்து ஆடும் வட்டமான களம், அதற்கு முன்பக்கம் கிடையாது. சுற்றிவரச் சனம் இருக்கும், கூத்தர் எல்லாப் பக்கமும் திரும்பி ஆடுவார். ஒரு பக்கத்தில் மட்டும் லைட்டை நிறுத்தினால் எதிர்ப்பக்கச் சனத்துக்குக் கண் கூசும், ஆடுபவரின் முகமும் இருட்டாகத் தெரியும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனையில், சனம் ஒரு பக்கம் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். அந்த மேடைக்கு முன்வெளிச்சம் சரி. கோயில் வெளியில் ஆடும்போது வேறு கணக்கு வேண்டும்.

களரி இருபது அடி விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் இருந்து ஓர் அடி தள்ளி, நான்கு மூலைக்கும் பதினைந்து அடி உயரத்தில் நான்கு கம்பங்கள். நடுவில் நிற்பவரின் முகத்தில் வெளிச்சம் ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் விழும். அதைவிடச் செங்குத்தாக விழுந்தால் கண்குழி கறுத்து, முத்துவெள்ளை பூசிய முகம்கூட உயிரில்லாமல் தெரியும்.

அடுத்தது நிறம். ஒரு கம்பத்துக்கு இளமஞ்சள், அடுத்ததற்கு வெளிர்நீலம், மூன்றாவதற்குத் திரும்ப இளமஞ்சள், நான்காவதற்கு வெளிர்நீலம். இப்படி மாறி மாறிக் கட்டினால் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் எங்கே இருந்து பார்த்தாலும் முகத்தின் ஒரு கன்னம் சூடாகவும் மறு கன்னம் குளிராகவும் தெரியும். பின்னால் இருக்கும் இரண்டும் தோளையும் தலையில் வைத்த முடியையும் (கிரீடத்தையும்) ஓரம் பிரித்துக் காட்டும். நான்கே லைட்டில் நாலு பக்கத்துக்கும் நியாயம் கிடைக்கிற ஒரே வழி எனக்குத் தெரிந்து இதுதான்.

கம்பத்தில் ஓராள் ஏறி லைட்டைத் திருப்பும்போது இன்னொருவரைக் களரியில் நடமாடவிட்டு, நீங்கள் முதல் வரிசைச் சனம் இருக்கும் பாயில் போய் இருங்கள். எதிர்க் கம்பத்து லைட் உங்கள் கண்ணில் அடித்தால் அதைக் கொஞ்சம் கீழே குனியவிடுங்கள். அதன் வெளிச்சம் களரியின் மறு ஓரத்து நிலத்தோடு முடிய வேண்டும். நாலு பக்கமும் இப்படி இருந்து பாருங்கள். அரை மணித்தியாலம் போகும், போகட்டும்.

கால் தெரிகிறதா என்று தனியாகப் பாருங்கள். கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் எனக்குச் சொன்னது: "காலடி தெரியாட்டி ஆட்டத்த என்னெண்டு பாக்கிற தம்பி?" காலுக்கென்று தாழ்வாக லைட் வைத்தால் சனத்தின் கண்ணைக் குத்தும். அதற்கு மருந்து மணல்தான். வெள்ளை மணலைக் களரியில் பரப்பினால் மேலிருந்து விழும் வெளிச்சம் திரும்பி எழும்பிக் காலையும், குனிந்த முகத்தின் கீழ்ப்பக்கத்தையும் தொடும்.

உடுப்பைப் பார்க்காமல் நிறம் முடிவு செய்ய வேண்டாம். கடும் நீலத்தில் சிவப்பு உடுப்புக் கறுத்துப்போகும். சிவப்பு வெளிச்சத்தில் பச்சைக்கும் அதே கதி. பச்சை வெளிச்சத்தை மனித முகத்தில் போடவே கூடாது. கரப்புடுப்பில் (கீழே விரிந்து நிற்கும் கூத்துடுப்பு) கண்ணாடித்துண்டும் சரிகையும் இருப்பதால் வெள்ளையே அதற்குப் போதும். மற்றபடி அது தானாக மின்னும்.

வரவின்போது, அதாவது கூத்தர் முதலில் களரிக்கு வரும்போது, இரண்டு பேர் சீலை பிடித்து மறைத்து நிற்பார்கள். அந்த நேரம் மற்றக் கம்பங்களைக் குறைத்து, சீலைக்குப் பின்னால் இருக்கும் கம்பத்தை மட்டும் விட்டால் முடியின் நிழல் துணியில் விழும். சீலை இறங்கும்போது மற்றவற்றை மெல்ல ஏற்றுங்கள், ஐந்து செக்கன் எடுத்தாலும் பரவாயில்லை. மத்தள அடிக்கு அடி லைட்டை வெட்டி வெட்டிப் போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. தாளத்தை மத்தளமும் காலும் காட்டுகின்றன, லைட் இடையில் வந்தால் இரண்டும் கெடும்.

விடிய விடிய ஆடும் கூத்தில் வானம் வெளுக்கத் தொடங்கினால் மஞ்சள் லைட் அழுக்காகத் தெரியும். அப்போது மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நீலத்தை நிற்க விடுங்கள்.

இனி கரண்ட். பழைய ஆலசன் லைட் ஆயிரம் வாட் என்றால் 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும். ஆறு கட்டினால் 26 ஆம்பியர், கோயிலின் 30 ஆம்பியர் லைனில் வேறொன்றுக்கும் இடமில்லை. 150 வாட் எல்ஈடி பார் (PAR) லைட் எட்டுக்கு ஐந்து ஆம்பியர்தான். எப்படியானாலும் சவுண்ட்டும் லைட்டும் வேறு வேறு லைனில் இருக்கட்டும். லைட்டைக் கூட்டிக் குறைக்கும் டிமரின் இரைச்சல் மைக்கில் ஏறினால், ஏடு பார்த்துப் பாட்டெடுத்துக் கொடுக்கும் ஏட்டண்ணாவியாரின் குரல் கேட்காது. கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் லைட் கொடுக்கவே வேண்டாம், விடியப்புறப் பனியில் மணலும் வயரும் நனையும். வயர் ஜொயின்ற்றை நிலத்தில் விடாமல் உயர்த்திக் கட்டுங்கள். சுருளாக இருக்கும் வயரை முழுக்க விரித்துவிடுங்கள், சுருண்டபடி கரண்ட் ஓடினால் சூடேறி உருகும்.

வைகாசிச் சடங்குக் காலத்தில் கச்சான் காற்று அடிக்கும். ஒவ்வொரு கம்பத்துக்கும் மூன்று பக்கம் இழுவைக் கயிறு, ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி. கீழே பாயில் பிள்ளைகள் நித்திரையாக இருக்கும். கழற்றும்போது ஆலசனை இருபது நிமிடமாவது ஆறவிட்டுத் தொடுங்கள்.