சின்ன விமானத்தில் ஏறும் முன் பார்க்க வேண்டியவை

சாலையே இல்லாத மலைக்காடுகளில் தொலைபேசிக் கோபுரம் நிறுத்துவது என் வேலை. பாப்புவா நியூ கினியின் உள்மலைப் பகுதிகளுக்குக் கோபுரத்தின் இரும்பு, பேட்டரி, நான் எல்லோருமே ஏதாவது ஒரு செஸ்னாவிலோ ட்வின் ஆட்டரிலோதான் போய்ச் சேர வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, இது விழுந்துடாதா?" என்பதுதான். விழும். எதனால் விழுகிறது என்பதையும் விசாரணை அறிக்கைகளில் விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். பாப்புவா நியூ கினியின் விபத்து விசாரணை ஆணையம், இந்தோனேசியாவின் கே.என்.கே.டி., பிரேசிலின் செனிப்பா ஆகிய அமைப்புகளின் அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மழை பிடித்துக்கொண்டு வேலை நிற்கும் மாலைகளில் அவற்றைப் படிப்பது என் பழக்கம். படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. இந்த விபத்துகளில் பல, சக்கரம் தரையை விட்டு எழும் முன்பே முடிவாகிவிட்டவை. அந்த முடிவில் பயணிக்கும் ஒரு பங்கு உண்டு. பயணி என்ன செய்யலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாளை உபரியாக வையுங்கள்

டிக்கெட் போடும்போதே செய்ய வேண்டியது இது. காட்டிலிருந்து வெளியே வரும் சின்ன விமானத்துக்கும், அடுத்து நீங்கள் பிடிக்க வேண்டிய பெரிய விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளாவது சும்மா கிடக்கட்டும். செலவுக் கணக்குப் பார்க்கும் மேலாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

வெப்பமண்டல மலைகளில் வானம் ஏறக்குறைய நேரம் பார்த்து நடக்கும். விடியலில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. வெயில் ஏற ஏற அது கலையும். பதினொரு மணி வாக்கில் முகடுகளில் மேகம் திரளத் தொடங்கும். மதியத்துக்கு மேல் கணவாய் அடைபட்டுவிடும், பிறகு இடியும் மழையும். ஆக, நிம்மதியாகப் பறக்கக் கிடைப்பது காலையில் சில மணி நேரம்தான். முதல் நடையில் இடம் கேளுங்கள். "மூணு மணிக்குக் கடைசி நடை, அதுல ஏத்தி விட்டுடறேன்" என்று யாராவது சலுகைபோலச் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடலாம்.

மேகம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? இந்த ஓடுதளங்களில் வழிகாட்டும் கருவி எதுவும் பெரும்பாலும் இருக்காது. கண்ணால் மலையைப் பார்த்துத்தான் பறக்க வேண்டும். கண் மறைந்தால் உடம்பின் சமநிலை உணர்வு பொய் சொல்ல ஆரம்பிக்கும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தெரியாத 20 பேரை மேகத்துக்குள் மாட்டிய நிலைமையில் வைத்துச் சோதித்தார்கள். கட்டுப்பாட்டை இழக்க அவர்களுக்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. பயிற்சி உள்ள பைலட்டுக்கு வேறு கண்டம்: விமானத்தில் ஒரு குறையும் இல்லாமல், நேராகப் பறந்தபடியே மலையில் போய் மோதுவது. 2009 ஆகஸ்ட் 11 அன்று போர்ட் மோர்ஸ்பியிலிருந்து கோகோடாவுக்குப் போன ட்வின் ஆட்டர், மேகம் சூழ்ந்த கணவாய்ப் பகுதியில் மலைச்சரிவில் மோதியது. இருந்த 13 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர், புகழ்பெற்ற கோகோடா பாதையில் நடப்பதற்காக வந்த ஆஸ்திரேலியர்கள்.

2015 ஆகஸ்ட் 16இல் இந்தோனேசியப் பாப்புவாவின் ஓக்ஸிபில் அருகே ஒரு ஏ.டி.ஆர். 42 மலையில் மோதி 54 பேர் இறந்தார்கள். அது கொஞ்சம் பெரிய விமானம்தான். ஆனால் கதை இதே கதை. மலை நெருங்கினால் கத்தி எச்சரிக்கும் கருவி அதில் இருந்தது. அந்தக் கருவிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து வைக்கும் வழக்கம் அந்த நிறுவனத்தின் சில பைலட்டுகளிடம் இருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. தேவையில்லாத நேரத்தில் கத்துகிறது என்ற எரிச்சல்தான் காரணம். இதைப் பயணி உட்கார்ந்த இடத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அவசரத்தைக் குறைப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அந்த அவசரத்தின் விலைக்கு ஒரு உதாரணம். 2023 செப்டம்பர் 16, பிரேசிலின் பார்சேலோஸ். மீன்பிடிச் சுற்றுலாவுக்கு வந்தவர்களோடு ஒரு பண்டெய்ராண்டே விமானம் கொட்டும் மழையில் இறங்கப் பார்த்து விபத்துக்குள்ளானது. 14 பேரும் இறந்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் அங்கே வந்த வேறு இரண்டு விமானங்கள் வானிலையைப் பார்த்து மனாஸ் நகருக்கே திரும்பிவிட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். அந்த இரண்டிலும் இருந்தவர்களுக்கு அன்றைய நாள் வீணாகியிருக்கும், அவ்வளவுதான்.

பைலட்டிடம் "எப்ப சார் கிளம்பும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி: "அங்க இறங்க முடியலைன்னா எங்க போவீங்க?" நல்ல பைலட் யோசிக்காமல் ஒரு ஊர்ப் பெயர் சொல்வார், அதுவரை எரிபொருள் இருக்கிறது என்பதையும் சொல்வார். "அதெல்லாம் இறங்கிடலாம்" என்று சிரித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். பள்ளத்தாக்குக்குள் பறக்கும்போது விமானம் ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் போவதைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். அது சரியான முறை. நடுவில் போனால் திரும்புவதற்குப் பாதி அகலம்தான் கிடைக்கும். ஓரமாகப் போனால் முழுப் பள்ளத்தாக்கும் கிடைக்கும்.

எடையை மறைக்காதீர்கள்

தராசில் ஏறச் சொன்னால் பூட்ஸோடு, கைப்பையோடு, தண்ணீர்ப் புட்டியோடு ஏறுங்கள். தராசே இல்லாத இடத்தில் உங்கள் எடையைக் கேட்டால் கல்யாணத்துக்கு முந்தைய எடையைச் சொல்லாதீர்கள். பெரிய விமானத்தில் பத்து கிலோ ஒரு பொருட்டே இல்லை. ஆறு பேர் உட்காரும் செஸ்னா 206இல் ஆளுக்குப் பத்து கிலோ மறைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆள் கூடவே வருகிறார்.

2009 பிப்ரவரி 7 அன்று அமேசானில் கோவாரியிலிருந்து மனாஸ் நோக்கிப் போன ஒரு பண்டெய்ராண்டே, மனாகபுரு அருகே ஆற்றில் விழுந்தது. உள்ளே 28 பேர். குழந்தைகளும் பெரியவர்களுமாக அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். ஒரு இன்ஜின் நின்றதும் மற்றொன்றால் தாங்க முடியவில்லை. பின்னால் இருந்த நான்கு பேர் மட்டும் பிழைத்தார்கள். 'ரெண்டு இன்ஜின் இருக்கே' என்ற தைரியம் எடை சரியாக இருக்கும்வரைதான். வெப்பத்திலும் உயரத்திலும், நிறைய ஏற்றிய இரட்டை இன்ஜின் விமானத்தில் மிஞ்சிய ஒற்றை இன்ஜின் பல நேரம் உயரத்தைத் தக்கவைக்கவே திணறும்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். காங்கோ ஜனநாயகக் குடியரசின் பந்துந்துவில் 2010 ஆகஸ்ட் 25 அன்று ஒரு எல்-410 விமானம் இறங்கப் போகும்போது விழுந்தது. 21 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். யாரோ பையில் மறைத்துக் கொண்டுவந்த முதலை வெளியே வந்துவிட, எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள், சமநிலை கெட்டது என்று அவர் சொன்னதாகச் செய்தி வந்தது. முதலைக் கதை எவ்வளவு நிஜமோ, எனக்குத் தெரியாது. ஆனால் இருபது பேர் ஒரே பக்கம் நகர்ந்தால் இந்த அளவு விமானம் தாங்காது என்பது நிஜம். பறக்கும்போது இடம் மாறி உட்காராதீர்கள். ஜன்னலோரம் படம் எடுப்பதற்காகக்கூட வேண்டாம்.

சரக்கையும் பாருங்கள். 40 கிலோ பேட்டரி, விமானம் புவியீர்ப்பைப்போல ஒன்பது மடங்கு விசையோடு சட்டென்று நின்றால், 360 கிலோ பாரமாக முதுகில் வந்து இறங்கும். வலை போட்டுக் கட்டாத சரக்குக்கு முன்னால் நான் உட்காருவதில்லை. கட்டச் சொல்வேன். திட்டினாலும் கட்டுவார்கள்.

வெயிலும் சரிவும்

5,000 அடி உயரத்தில் ஒரு ஓடுதளம் இருக்கிறது என்று வையுங்கள். அந்த உயரத்துக்கான தர வெப்பநிலை, அதாவது விமானக் கணக்குகளில் இயல்பு என்று வைத்துக்கொள்ளும் வெப்பநிலை, சுமார் 5 டிகிரி. மதியம் அங்கே 25 டிகிரி அடிக்கிறது. கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். 20 டிகிரிக்கு 2,400 அடி. அதாவது விமானத்தைப் பொறுத்தவரை அது 7,400 அடியில் நிற்கிறது. காற்று அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும், டர்போ இல்லாத இன்ஜின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கும். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசு, ஆகவே மழைக்கால மதியம் இன்னும் மோசம். அதிகாலையில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எழும்பிய அதே விமானம் மதியம் இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போவதற்குக் காரணம் இதுதான். இறங்கச் சொன்னால் இறங்குங்கள். கோபப்பட வேண்டாம்.

பாப்புவா நியூ கினியின் டாபினி போன்ற மலை ஓடுதளங்கள் சரிவாக இருக்கும். மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கி எழும்ப வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கும் முடிவை மாற்றவே முடியாது, எதிரே மலை. பன்றியோ பிள்ளைகளோ ஓடுதளத்தில் வந்தாலும் இறங்கியே ஆக வேண்டும். ஊரில் இருந்து ஆளை அனுப்பி ஓடுதளத்தைக் காலிசெய்து வைப்பதும், நேற்றிரவு மழைக்குப் புல் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று வானொலியில் பைலட்டுக்கு நேர்மையாகச் சொல்வதும் தரையில் இருப்பவர் வேலை. நாம் தரையில் இருக்கும் நாளில் அது நம் வேலை.

டிரம் எரிபொருள்

உள்ளூர்களில் எரிபொருள் டிரம்மில் இருக்கும். நிமிர்த்தி வைத்த டிரம்மின் மூடிமேல் மழைநீர் தேங்கும். இரவுக் குளிரில் டிரம் சுருங்கும்போது அந்த நீரை மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் டிரம்மைப் படுக்கவைத்து, இரண்டு மூடித்துளைகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வைப்பார்கள். புறப்படும் முன் பைலட் இறக்கைக்கு அடியில் குனிந்து சின்னக் கண்ணாடிக் குவளையில் எரிபொருள் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாக நிற்கும். பிஸ்டன் இன்ஜினுக்கான ஏவ்கேஸ் பொதுவாக நீல நிறம். டர்பைன் இன்ஜினுக்கான ஜெட் ஏ-1 நிறமற்றது, அல்லது வைக்கோல் நிறம். பிஸ்டன் இன்ஜினுக்கு ஜெட் எரிபொருள் போனால் புறப்பட்ட சற்று நேரத்தில் இன்ஜின் நின்றுபோகலாம். அந்தக் குவளையைப் பார்க்காமல் நான் ஏறுவதில்லை. வேடிக்கை பார்ப்பதுபோல நின்றுகொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இறக்கை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய் வேகம் காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டுபோவது. நிறுத்தி வைத்திருக்கும்போது அதற்குச் சிவப்பு நாடா தொங்கும் உறை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். 1996இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேர் இறந்த போயிங் 757 விபத்தில் சந்தேகம் விழுந்தது இப்படியொரு குளவிக் கூட்டின்மேல்தான். புறப்படும்போதும் அந்த உறை கழற்றப்படாமல் தொங்கினால் கத்திச் சொல்லுங்கள்.

கதவு

செஸ்னா 206இல் போகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்னால் உட்காருபவர்களுக்கான வலப்பக்க இரட்டைக் கதவில், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) இறக்கியிருந்தால் முன்பாதி முழுதாகத் திறக்காது, ஃபிளாப்பில் இடிக்கும். இடுக்கு வழியாகக் கை விட்டுப் பின்பாதியின் கைப்பிடியைத் திருப்பித்தான் வெளியேற வேண்டும். தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும்போது இதைக் கற்றுக்கொள்ள முடியாது. ஏறுவதற்கு முன் பைலட்டை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் செய்து பாருங்கள். தோள்பட்டைப் பட்டை இருந்தால் அதையும் மாட்டுங்கள். இடுப்புப் பட்டை மட்டும் போதாது, தலை முன்னால் போய் அடிபடும்.

முழுக்கால் பருத்தி உடை, கட்டிய ஷூ. நைலான் தீயில் உருகி ஒட்டிக்கொள்ளும். 1971 டிசம்பர் 24இல் பெரு நாட்டுக் காட்டில் விழுந்த விமானத்தின் 92 பேரில் பிழைத்த ஒரே ஆள், 17 வயது யூலியானே கோயப்கே, ஒற்றைச் செருப்போடு 11 நாள் அலைந்தார்.

காட்டில் இறங்கிவிட்டால்

மேலிருந்து பார்த்தால் மரத்தின் உச்சிக்கூரைக்கு அடியில் இருக்கும் மனிதன் தெரியவே மாட்டான். விமானமே சிரமப்பட்டுத்தான் தெரியும். 2023 மே 1 அன்று கொலம்பியாவின் காக்கெட்டா காட்டில் இன்ஜின் கோளாறால் விழுந்த செஸ்னா 206ஐக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. மூன்று பெரியவர்களும் இறந்திருந்தார்கள். நான்கு குழந்தைகள் அங்கிருந்து நடந்து போயிருந்தார்கள், அவர்களை 40ஆம் நாள்தான் மீட்டார்கள். இடையில் ராணுவம் ஹெலிகாப்டரிலிருந்து பாட்டியின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு, "இருந்த இடத்திலேயே இருங்கள்" என்று அவர்கள் தாய்மொழியில் சொல்ல வைத்தது. காடு தெரிந்த குழந்தைகள் என்பதால் பிழைத்தார்கள். நமக்குக் காடு தெரியாது. தீ இல்லையென்றால் விமானத்தின் பக்கத்திலேயே இருங்கள்.

விழுந்த இடத்தைச் செயற்கைக்கோளுக்குத் தெரிவிக்கும் விமானத்தின் அவசர சமிக்ஞைக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பழைய 121.5 அலைவரிசையைக் காஸ்பாஸ்-சர்சாட் என்ற தேடல்-மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை. வேலைக்கு அடிக்கடி போகிறவர்கள் கையடக்கக் கருவி ஒன்றைச் சொந்தமாக வாங்கி, பெயரைப் பதிவுசெய்து, உடம்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வைத்தால் பெட்டிதான் காப்பாற்றப்படும். இலைகளுக்கு அடியில் சமிக்ஞை பலவீனமாகும், ஆகவே ஆற்றங்கரையோ மரம் முறிந்த இடைவெளியோ பக்கத்தில் இருந்தால் அங்கே வைத்து இயக்குங்கள்.

கடைசியாக, புறப்படும் முன் ஒரு காகிதத்தில் எழுதி முகாமில் ஒருவர் கையில் கொடுங்கள்: விமானத்தின் பதிவெண், ஏறியவர்களின் பெயர்கள், எந்தக் கணவாய் வழியாகப் போகிறது, எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். எந்த எண் என்பதையும் எழுதுங்கள், "ஆபீஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள்.