கார் ரூஃப் துணி தொங்குதா? பசை வாங்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல குளச்சல், மணக்குடி மாதிரி கடலோரத்துல வெயில்ல நிக்குற பழைய காருக்கு ரூஃப் துணி தொங்குறது சகஜம்தான், ஆனா முக்காவாசி நேரம் துணிக்குப் பின்னால உள்ள ஸ்பாஞ்ச் பொடிஞ்சு போயிருக்கும், அதுமேல எந்த பசைய அடிச்சாலும் நிக்காது. துணி ஒட்டியிருக்குற ரூஃப் போர்ட கழட்டி அந்தப் பொடிய பிரஷ் வச்சு சுத்தமா எடுத்துட்டு, ஸ்பாஞ்ச் சேர்ந்த புது துணி போடுங்க. மரவேலைக்கான வெள்ளை பசை வேண்டாம். சூடு தாங்கும்னு டப்பால போட்டிருக்க கான்டாக்ட் பசைய போர்டு மேலயும் துணியோட ஸ்பாஞ்ச் பக்கத்துலயும் லேசா தடவி, தொட்டா கையில வராத பதம் வந்தப்புறம் நடுவுல இருந்து ஓரத்துக்கு அமுக்கிட்டே போங்க, அவசரப்பட்டு ஈரமா ஒட்டுனா ஸ்பாஞ்ச்ல ஊறி துணில கறை விழும். மழையன்னைக்கு செய்யாதீங்க, காயுற பசை மேல ஈரம் படிஞ்சா பிடிக்காது, நமக்குத்தான் ஆனியிலயும் மழை ஐப்பசியிலயும் மழையாச்சே! கதவ தொறந்து வைங்க, பக்கத்துல பீடி சிகரெட் கூடவே கூடாது.