சிசிடிவியையும் கணக்குக் கணினியையும் பிரித்து வையுங்கள்: சிறு அலுவலகத்தில் வி-லேன் அமைக்கும் முறை

டேலி ஓடும் கணினி, பிரிண்டர், கேமரா, வந்துபோகிறவர்களின் போன் எல்லாமே ஒரே 192.168.1.0/24 வலையமைப்பில் கிடக்கும் அலுவலகங்கள் ஏராளம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அப்படி ஒரு கேமரா பிடிபட்டால், பக்கத்திலிருக்கும் கணக்குக் கணினிக்குள் நுழைய முயலத் தடையே இல்லை. ஒரே சுவிட்சை வைத்தே வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பதுதான் வி-லேன்.

தேவையானவை மூன்று: 802.1க்யூ (வி-லேன் தரநிலை) தெரிந்த மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்பை நாமே மாற்றக்கூடியது), வி-லேன் கையாளும் ஃபயர்வால் (வலையமைப்பின் காவல் வாசல்), ஒவ்வொரு வைஃபை பெயரையும் தனி வி-லேனில் விடக்கூடிய ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் கருவி). சுவிட்ச் வாங்கும்போது மொத்த பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே தரும் மின்சாரம்) வாட்டைப் பாருங்கள். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தின் போர்ட் ஒன்று 15.4 வாட் வரை தரும். ஆனால் மொத்தமே 60 வாட் உள்ள 8 போர்ட் சுவிட்சால் எல்லாப் போர்ட்டிலும் அதைத் தர முடியாது. பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து எழுந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

வி-லேன் எண்களை இப்படி வைக்கலாம்: அலுவலகம் 10, கேமரா 20, விருந்தினர் 30, நிர்வாகம் (சுவிட்ச் போன்ற கருவிகளின் அமைப்புப் பக்கங்களுக்கு) 99. முகவரி 10.20.10.0/24, 10.20.20.0/24 என்று போகட்டும். 192.168.1-ஐத் தவிர்ப்பது நல்லது. வீட்டு ரவுட்டரிலும் பெரும்பாலும் அதே எண்தான், வீட்டிலிருந்து விபிஎன் (அலுவலகத்துக்கு மறையாக்கப்பட்ட இணைப்பு) போடுபவருக்கு இரண்டும் மோதும்.

ஃபயர்வாலில் நான்கு வி-லேனையும் அவற்றின் டிஎச்சிபியையும் (முகவரியைத் தானாக வழங்கும் சேவை) முதலில் உருவாக்குங்கள். சுவிட்சிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் போர்ட்டில் நான்கும் டேக் ஆகட்டும் (தரவோடு வி-லேன் எண்ணும் ஒட்டிச் செல்லும்). கேமரா போர்ட்டில் 20 மட்டும் அன்டேக் (எண் ஒட்டாமல்). விலை குறைந்த சுவிட்சுகளில் பிவிஐடி (எண் ஒட்டாமல் உள்ளே வருவதை எந்த வி-லேனில் சேர்ப்பது என்ற அமைப்பு) வேறொரு பக்கத்தில் இருக்கும். அதையும் 20 ஆக்காவிட்டால் கேமரா அனுப்புவதெல்லாம் பழைய வி-லேன் 1-க்கே போகும். அந்தப் போர்ட்டை வி-லேன் 1-இலிருந்து நீக்கவும் மறக்காதீர்கள்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. பல ரவுட்டர்கள் வி-லேன்களுக்கு இடையே எல்லாவற்றையும் தாமாகவே கடத்திவிடும். ஃபயர்வாலில் ரூல் போட்டால்தான் பிரிவினை உண்மையாகும். ரூல்கள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். விருந்தினருக்கு ஃபயர்வாலின் 53-ஆம் போர்ட்டை (டிஎன்எஸ், தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) அனுமதித்து, அடுத்து 10.0.0.0/8-ஐ (10-இல் தொடங்கும் எல்லா முகவரிகளையும்) தடுத்து, கடைசியில் இணையத்தைத் திறவுங்கள். தடையை முதலில் போட்டால் டிஎன்எஸ்ஸும் சேர்ந்து அடைபடும். வைஃபை இணைந்திருக்கும், எந்தத் தளமும் திறக்காது.

என்விஆரை (கேமரா வீடியோவைப் பதிவு செய்யும் பெட்டி) கேமராக்களோடு 20-இலேயே வையுங்கள். வீடியோ முழுவதும் ஃபயர்வால் வழியாக ஓட வேண்டியதில்லை. 20-இலிருந்து வெளியே போகும் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். நேரம் எடுக்க ஃபயர்வாலின் யுடிபி 123-ஆம் போர்ட் மட்டும் திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால் கடிகாரம் நகர்ந்து, திருட்டு நடந்த நேரத்தைப் பதிவில் நிறுவ முடியாமல் போகும். இணையத்தை அடைத்ததும் முதலாளியின் போனில் கேமரா ஆப் நின்றுவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்காகப் போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து உள்ளே நேர் வழி திறப்பது) போடவே வேண்டாம். யுபிஎன்பியையும் (கருவிகள் தாமாகவே அந்த வழியைத் திறக்கும் வசதி) அணைத்து, வயர்கார்டு விபிஎன் வழியாகப் பார்க்கச் செய்யுங்கள்.

நிர்வாக வி-லேனுக்கு மாறுவதைக் கடைசியில் வையுங்கள். அதற்கு முன் ஒரு போர்ட்டை 99-இல் ஒதுக்கி லேப்டாப்பை அதில் செருகிக்கொள்ளுங்கள். பல சுவிட்சுகளில் சேவ் செய்யும்வரை மாற்றம் நிலைக்காது; அமைப்புப் பக்கத்துக்குள் போக முடியாமல் வெளியே மாட்டிக்கொண்டால் மின்சாரத்தை அணைத்துப் போட்டால் பழைய நிலை திரும்பும். ஆகவே சோதித்த பிறகே சேவ்.

சோதனைக்கு, விருந்தினர் வைஃபையிலிருந்து கணக்குக் கணினியையும் என்விஆரையும் பிங் செய்யுங்கள்; பதில் வரக்கூடாது. பிறகு கேமரா கேபிளைக் கழற்றி, லேப்டாப்பில் செருகி அங்கிருந்தும் கணக்குக் கணினியை முயலுங்கள். மேசைக்கடியில் சாதாரணச் சுவிட்ச் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுங்கள்: ஒரே கேபிளின் இரு முனையையும் யாராவது அதில் செருகினால் அலுவலகமே முடங்கும். மேனேஜ்டு சுவிட்சில் லூப் தடுப்பை இயக்கி வைத்தால் அந்த ஒரு போர்ட் மட்டும் அடைபடும்.