உண்மைப் பெயரும் துறையறிஞர் ஒப்புதலும் கொண்ட விக்கிக் களஞ்சியம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களின் கால்நடை, கொறங்காடு (வேலியிட்ட மேய்ச்சல் நிலம்), பாசனம் ஆகியவற்றைப் பற்றி நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுதும் சிறு களஞ்சியம் ஒன்றை அமைத்தபோது, எழுதுபவர் உண்மைப் பெயரில் எழுத வேண்டும், விவரம் அறிந்தவர் ஒப்பிய வடிவமே வாசகருக்கு முதலில் தெரிய வேண்டும் என இரண்டு நிபந்தனைகளை வைத்துக்கொண்டோம். விக்கித் தளங்களை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியை நிறுவும் முறை பல இடங்களில் கிடைப்பதால் அதை விட்டுவிட்டு, இவ்விரண்டை மட்டும் விளக்குகிறேன்.

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், ஒப்புதல் வெளியீட்டுக்கு முன்பா, பின்பா என்று முடிவு செய்யுங்கள். 2000இல் தொடங்கிய நியூபீடியா என்ற இணையக் களஞ்சியம், ஏழு கட்டச் சரிபார்ப்பைக் கடந்த பிறகே கட்டுரையை வெளியிட்டதால் முதலாண்டில் ஏறத்தாழ 20 கட்டுரைகளுடன் நின்றது. அதற்கு உதவியாகத் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா அதையே விழுங்கிவிட்டது. மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன், முன்கூட்டிய சரிபார்ப்பு முறையிலேயே தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் கொண்டுவந்தார் என்றாலும், அவருக்குப் பதிப்புக் குழு ஒன்று இருந்தது. ஓய்வு நேரத்தில் எழுதும் நம்மைப் போன்றோருக்கு அது இராது. எனவே பின்னொப்புதலே என் தேர்வு.

முதற்படியாக, மீடியாவிக்கியின் அமைப்புக் கோப்பில் அடையாளமற்றோர் தொகுப்பதையும் தாமாகவே கணக்குத் தொடங்குவதையும் நிறுத்துங்கள். அடுத்து, கன்ஃபர்ம் அக்கவுண்ட் என்ற நீட்சியை (மீடியாவிக்கியுடன் இணைக்கும் கூடுதல் நிரலை) சேர்த்தால், புதியவர் தம் பெயரையும் தம்மைப் பற்றிய குறிப்பையும் எழுதி விண்ணப்பிப்பார். நிர்வாகி ஏற்றபின் கணக்கு உருவாகும்.

பெயரைச் சரிபார்ப்பதற்கு ஆதார் நகல் கேட்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதைப் பாதுகாக்கும் பொறுப்பு நம் போன்ற சிறு குழுவுக்குத் தாங்காது. ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் பேசி உறுதிசொன்னால் போதும். இங்கே பழனிசாமிகளும் சுப்பிரமணியங்களும் மிகுதி என்பதால் தலைப்பெழுத்தோடு ஊர்ப்பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். சான்றிதழில் உள்ள பெயரைவிட, ஊரும் தொழிலும் அவரை அறிந்திருக்கும் பெயரே பொருத்தமானது. சாதிப் பின்னொட்டை வைப்பதும் விடுவதும் அவர் விருப்பம்.

மூன்றாவது, அப்ரூவ்டு ரெவ்ஸ் என்ற நீட்சி. இதைவிட விரிவான ஃபிளாக்டு ரெவ்ஸ் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் 2008 முதல் பயன்படுகிறது என்றாலும், சிறு குழுவுக்கு அதன் அமைப்புகள் தேவைக்கு அதிகம். அப்ரூவ்டு ரெவ்ஸில், பக்க வரலாற்றில் ஒரு திருத்தத்தின் பக்கத்திலுள்ள ஒப்புதல் இணைப்பை அழுத்தினால், அதன்பின் ஒப்பும் உரிமை இல்லாத யார் எதைத் திருத்தினாலும் வாசகருக்கு அந்த வடிவமே தெரியும். புதிய திருத்தங்கள் வரலாற்றில் காத்திருக்கும்.

என்னை நெடுநேரம் திகைக்க வைத்தது இந்த இடமே. எவரும் ஒப்புதல் இணைப்பை அழுத்தாத கட்டுரைகள்கூட ஒப்பப்பட்டவையாகத் தெரிந்தன. ஒப்பும் உரிமை உள்ளவர் சேமிக்கும் எந்தத் திருத்தமும் தானாகவே ஒப்பப்பட்டதாகிவிடும் என்பது இந்நீட்சியின் இயல்பமைப்பு. கால்நடை மருத்துவர் ஒருவர் வெள்வேல் மரத்தைப் பற்றிய வரியில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினால், அதே பக்கத்தில் பிறர் எழுதிய மருத்துவக் குறிப்புகளுக்கெல்லாம் அவர் பொறுப்பேற்றதாகிவிடுகிறது. நீட்சியை ஏற்றும் வரிக்குக் கீழே, தானியங்கி ஒப்புதல் மாறியைப் பொய் (false) என வைத்தால் இது நிற்கும். வைத்தபின், ஒப்பும் உரிமையுள்ள கணக்கிலிருந்து சோதனைப் பக்கம் ஒன்றைத் திருத்தி, ஒப்புதல் பதிவேட்டில் புதிய வரி சேரவில்லை என்று பாருங்கள்.

இனி, ஒப்புபவர் யார்? அந்த உரிமை இயல்பாக நிர்வாகிகளிடம் இருக்கும். தனிப் பயனர் குழு ஒன்றை உருவாக்கி அதற்கு மாற்றுங்கள். 2007இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சிட்டிசெண்டியம் என்ற இணையக் களஞ்சியம், உண்மைப் பெயரையும் துறையறிஞர் வழிகாட்டலையும் இணைத்தது. ஆயினும் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் முறையாக ஒப்பப்பட்டவை இருநூறைக்கூட எட்டவில்லை. அதன் ஹோமியோபதிக் கட்டுரை, அந்த மருத்துவத்தைச் சார்ந்தவர்களின் செல்வாக்குக்கு உட்பட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. எனவே இரண்டு விதிகளைப் பரிந்துரைக்கிறேன். தமக்கு வருமானம் தரும் பொருளைப் பற்றிய கட்டுரையை ஒருவர் தனித்து ஒப்பக் கூடாது. பட்டம் மட்டும் தகுதியாகாது: கொழுக்கட்டைப் புல் விளையும் கொறங்காட்டில் கிளுவை வேலி போட்டு மாடு மேய்த்தவர், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவருக்கு இணையாகக் கொறங்காட்டைப் பற்றிய பக்கத்தை ஒப்பலாம், நோய், மருந்து பற்றிய பத்திகளை மட்டும் மருத்துவரிடம் விடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், உள்ளூர்ப் பிணக்குகளைப் பற்றி எழுதும் பெண்கள் உண்மைப் பெயரைக் காட்டினால் தொல்லைக்கு ஆளாவார்களே என்று கேட்டிருந்தார். இது நியாயமான கேள்வி. பக்கத்தில் புனைபெயர் தெரியட்டும்; உண்மைப் பெயரை இரு நிர்வாகிகள் மட்டும் அறிந்திருக்கட்டும். ஆனால் ஒப்பும் குழுவில் சேர்பவருக்கு இந்த விலக்கைத் தருவதில்லை. புனைபெயரில் எழுதுபவரின் விண்ணப்பக் குறிப்பு பயனர் பக்கமாக வெளிவந்துவிடாதபடி, கணக்கை ஏற்கும்போதே அதிலுள்ள பெயரையும் ஊரையும் நீக்கிவிடுங்கள்.